மலையைக் கண்ட கண்: ஜான் மியூரின் 1869 ஆம் ஆண்டுக் கோடை

முன்னுரை

குறிஞ்சித் திணையைக் கற்பிக்கும் ஒவ்வோர் ஆண்டும் மாணவியர் கேட்கும் வினா ஒன்றுண்டு. மலையைப் பாட வந்த புலவர் தினைப்புனம் காப்பவளையும் தேன் எடுப்பவனையும் வேலன் வெறியாட்டையும் ஏன் உடன் கொண்டுவருகிறார் என்பதே அது. தொல்காப்பியர் கருப்பொருளைத் தொகுக்குமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என அடுக்குகிறார். உணவும் பறையும் தொழிலும் யாழும் மாந்தரின்றி அமையா. ஆகவே ஆளில்லாத மலை நம் மரபில் திணையாவதில்லை என்று விடை கூறுவேன். இவ்விடையைப் பல்லாண்டுகளாகச் சொல்லி வந்தும் அதன் கனத்தை எனக்கு உணர்த்தியது, அமெரிக்க மலையொன்றுக்கு ஆட்டு மந்தையோடு சென்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரின் நாட்குறிப்பே.

அவர் பெயர் ஜான் மியூர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் காடுகளையும் மலைகளையும் காக்கச் சட்டங்கள் பிறப்பதற்குக் காரணமாயிருந்தவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர். 1869 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் அவர் கழித்த மூன்றரைத் திங்களுக்கு மேற்பட்ட வாழ்க்கை, 'சியராவில் என் முதற்கோடை' என்னும் பொருள்படும் நூலாக 1911 இல் வெளிவந்தது. அக்கோடையின் வரலாற்றையும், அந்நூல் காட்டுவனவற்றையும், காட்டத் தவறியவற்றையும் நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு மலரில் எண்ணிப் பார்ப்பது, இயற்கையைப் பாடும் நம் கவிஞர்களுக்குப் பயன் தரும் எனக் கருதுகிறேன்.

புலம்பெயர்ந்த சிறுவன்

மியூர் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரை ஊராகிய டன்பாரில் 1838 ஏப்ரல் 21 அன்று பிறந்தார். தந்தை டேனியல் மியூர் கடுமையான சமயப் பற்றாளர். விவிலியத்தின் புதிய ஏற்பாடு முழுவதையும் பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதியையும் மகன் பதினொரு வயதுக்குள் மனப்பாடம் செய்திருந்தான். அம்மனப்பாடத்தில் பிரம்பின் பங்கும் உண்டு என்று பிற்காலத்தில் மியூரே எழுதினார். 1849 இல் அக்குடும்பம் அட்லாண்டிக் கடலைக் கடந்து விஸ்கான்சின் பகுதியில் குடியேறிற்று. காட்டை வெட்டிக் கழனியாக்கும் வேலையில் பெரும்பங்கு மூத்த மகனாகிய ஜானின் தோளில் விழுந்தது. மணற்பாறையில் தொண்ணூறு அடி ஆழத்துக்குக் கிணறு வெட்டியபோது, அடியில் தேங்கிய நச்சுக்காற்றினால் மயங்கி, சாவின் வாயிலிலிருந்து மீட்கப்பட்டார். அந்நிலையிலும் மரத்தால் கடிகாரங்கள் செய்தார். உரிய நேரத்தில் சாய்ந்து, உறங்குபவரை எழுப்பி நிறுத்தும் கட்டில் ஒன்றையும் செய்தார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் பயின்று தாவரவியலிலும் நிலவியலிலும் ஈடுபாடு கொண்டார். பட்டம் பெறாமலே வெளியேறினார்.

அவர் வாழ்வைத் திருப்பியது ஒரு விபத்து. 1867 மார்ச்சு மாதத்தில் இண்டியானாபோலிஸ் நகரில் ஆலையொன்றில் பணியாற்றும்போது அரத்தின் கூர்முனை தெறித்து அவரது வலக்கண்ணில் பாய்ந்தது. சிறிது நேரத்தில் மற்றக் கண்ணும் பார்வை இழந்தது. இருட்டறையில் பல வாரங்கள் கிடந்தார். பார்வை மெல்ல மீண்டபோது, எஞ்சிய வாழ்நாளை இயந்திரங்களுக்குக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தார். அவ்வாண்டு செப்டம்பரில் கெண்டக்கியிலிருந்து புளோரிடாவின் கடற்கரை வரை ஏறத்தாழ ஆயிரம் மைல் நடந்தார். காய்ச்சலில் விழுந்து எழுந்து, கியூபாவுக்குச் சென்று, பின் பனாமா வழியாக 1868 மார்ச்சு இறுதியில் சான் பிரான்சிஸ்கோ வந்து சேர்ந்தார். பிறந்த நாடு ஒன்று, வளர்ந்த நாடு வேறொன்று. இரண்டிலும் நிலம் அவருக்கு உழைப்பையும் அடியையும் கொடுத்ததே மிகுதி. முப்பதாம் வயதில் கண்ணை மீளப் பெற்றவராக அவர் மலையை நோக்கி நடந்தார்.

மந்தையும் மலையும்

கோடை என்ற சொல் தமிழருக்கு வெம்மையையும் வறட்சியையுமே நினைவூட்டும். வேனிலைப் பாலைக்குரிய பெரும்பொழுதாக வகுத்தவர் நம் முன்னோர். கலிபோர்னியாவின் சமவெளியும் கோடையில் காய்ந்து கருகும். ஆனால் சியராவின் மேட்டு நிலங்களில் அப்பொழுதுதான் பனி உருகிப் புல் தழைக்கும். சமவெளியில் மேய்ச்சல் வற்றியதும் மந்தைகளை ஜூனில் மலைமேல் ஓட்டி, செப்டம்பரில் இறக்குவது அந்நாளைய ஆட்டு உடைமையாளர் வழக்கம். நம் இராமநாதபுரச் சீமையின் கீதாரிகள் பருவந்தோறும் மேய்ச்சல் தேடிக் கிடை பெயர்வதை அறிந்தவர்க்கு இதன் தேவை எளிதில் விளங்கும்.

பேட் டெலானி என்னும் உடைமையாளர் மியூரைப் பணிக்கு அமர்த்தினார். மேய்ப்பவன் வேறொருவன் இருந்தான். அவன் தன் கடமையைச் செய்கிறானா என்று பார்க்க நம்பிக்கையான ஆள் ஒருவர் முகாமில் வேண்டும் என்பதே டெலானியின் தேவை. செடி கொடிகளை ஆராயவும் படம் வரையவும் பொழுது கிடைக்கும் என்ற உறுதி பெற்ற பிறகே மியூர் இசைந்தார். 1869 ஜூன் 3 அன்று 2,050 ஆடுகளோடு பயணம் தொடங்கிற்று. உடன் சென்றோர் டெலானி, மேய்ப்பவனாகிய பில்லி, அடிவாரப் புதர்க்காடுகளைக் கடக்கும் வரை மந்தையை ஓட்ட உதவிய ஒரு சீனர், அந்நாளில் செவ்விந்தியர் எனப்பட்ட தொல்குடியைச் சேர்ந்த ஒருவர், செயின்ட் பெர்னார்டு இனத்து நாய் ஒன்று. நாயின் பெயர் கார்லோ என்று நூல் சொல்கிறது. சீனரின் பெயரும் தொல்குடி மனிதரின் பெயரும் நூலில் இல்லை. இச்சிறு செய்தியை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

மேய்ப்பவன் பில்லியைப் பற்றி மியூர் எழுதியுள்ள பகுதி நகைச்சுவை மிக்கது. பில்லியின் காற்சட்டையில் கொழுப்பும் பிசினும் ஊறியிருந்தமையால் பைன் ஊசிகள், மரப்பட்டைத் துகள்கள், மயிர், பூச்சிச் சிறகுகள் அனைத்தும் அதில் ஒட்டிக்கொண்டன. மற்றவர் ஆடை தேய்ந்து மெலியும். பில்லியின் ஆடையோ நாளுக்கு நாள் தடித்துப் பாறை அடுக்குப் போல வரலாறு கூறத் தொடங்கியதாம். யோசெமிட்டிப் பள்ளத்தாக்கு முகாமுக்கு அருகிலேயே இருந்தும், அது வெறும் பள்ளந்தானே என்று சொல்லி எட்டிப் பார்க்கவும் பில்லி மறுத்துவிட்டான். காண்பதற்குக் கண் மட்டும் போதாது என்பதை மியூர் பில்லியைக் கொண்டு நமக்குக் கற்பிக்கிறார். இதே பாடம் பின்னர் ஆசிரியர் மீதே திரும்புவதையும் காண்போம்.

அருவியின் விளிம்பும் பாறைக் கோயிலும்

மியூரின் அன்றாட வாழ்க்கை எளியது. மரக்கிளைகளைப் பரப்பிய படுக்கை, இடுப்பில் கட்டிய குறிப்பேடு, உணவுக்கு ரொட்டியும் ஆட்டிறைச்சியும் தேநீரும். பகற்பொழுதில் சர்க்கரைப் பைன் மரத்தின் நீண்ட கூம்புகளை அளந்தார். எறும்புகளின் கடியையும் ஆராய்ந்தார். அணில்களின் சினத்தை மணிக்கணக்கில் கேட்டிருந்தார். கரடி ஒன்றைக் கண்டு, அது ஓடும் அழகைக் காண விரும்பிக் கூச்சலிட்டுக்கொண்டு அதன்மேல் பாய்ந்தார். கரடி ஓடவில்லை; நின்று உற்று நோக்கியது. தாம் ஓடவும் இயலாமல் நிற்கவும் இயலாமல் தவித்ததை அவர் மறைக்காமல் எழுதியுள்ளார். யோசெமிட்டிப் பள்ளத்தாக்கின் விளிம்பிலுள்ள வடகுவடு என்னும் பாறையில் அமர்ந்து படம் வரையும்பொழுது அங்கு வந்த வீட்டு ஈயையும் வெட்டுக்கிளியையும் மலைக்கு நிகராக மதித்துப் பல பத்திகள் எழுதினார்.

ஜூலை 15 ஆம் நாள் நிகழ்ச்சி புகழ் வாய்ந்தது. மூன்று அடுக்குகளாக 2,425 அடி வீழும் யோசெமிட்டி அருவி, மலையை விட்டுக் காற்றில் குதிக்கும் இடத்தையே காண வேண்டும் என்ற வேட்கை அவருக்கு எழுந்தது. காலணிகளையும் காலுறைகளையும் கழற்றிவிட்டு, வழுவழுப்பான கருங்கற்சரிவில் உள்ளங்கைகளையும் பாதங்களையும் அழுத்தி இறங்கினார். மூன்று அங்குல அகலமுள்ள ஒரு விளிம்பு மட்டும் கீழே தெரிந்தது. தலைசுற்றல் வராதிருக்க அங்கு முளைத்திருந்த மாசிபத்திரி இனத்துக் கசப்பு இலைகளை வாயில் அடக்கிக்கொண்டு அவ்விளிம்பில் குதிகாலை ஊன்றி நின்று, அருவியின் உள்ளத்தை நேருக்கு நேர் கண்டார். அன்றிரவு உறக்கத்திலும் விழுந்துகொண்டே இருந்தார்.

செப்டம்பர் 7 அன்று, ஏறத்தாழ 10,900 அடி உயரமுள்ள கதீட்ரல் சிகரத்தில் ஏறினார். கதீட்ரல் என்பது தலைமைப் பேராலயத்தைக் குறிக்கும் சொல். கலிபோர்னியாவுக்கு வந்தபின் தாம் கோயிலுக்குச் சென்றது அன்றே முதன்முறை என்னும் கருத்துப்பட அவர் எழுதினார். தந்தையின் பிரம்புக்கு அஞ்சி வேதம் ஓதிய பிள்ளை, கடவுளை அச்சமின்றிக் கண்டது அப்பாறை மேல்தான். புலம்பெயர்ந்தவர்க்கு ஒரு மண் எப்பொழுது சொந்தமாகிறது? அதில் தம் வழிபாட்டுக்கு ஓரிடம் கிடைக்கும்பொழுது. அவ்வகையில் மியூர் மலைக்குரியவரான நாள் அது எனலாம்.

ரொட்டிப் பஞ்சம்

இம்மகிழ்ச்சிகளுக்கு நடுவே ஜூலை முதல் வாரத்தில் நேர்ந்த இடர் ஒன்று, என் கருத்தில் நூலின் மையமாகும். மாவும் பிற பொருள்களும் கொண்டுவர வேண்டிய டெலானி குறித்த நாளில் வரவில்லை. ரொட்டி தீர்ந்தது. எஞ்சியது ஆட்டிறைச்சி ஒன்றே. நாள்தோறும் அதனையே உண்டு வயிறு குமட்டிற்று; படம் வரையவும் மரம் அளக்கவும் மனம் செல்லவில்லை. வானத்தையும் பாறையையும் பாடிய கை, ஒரு துண்டு ரொட்டிக்கு ஏங்கி எழுதிற்று.

அப்பொழுது மியூர் தொல்குடி மக்களை நினைக்கிறார். பெரணியின் தண்டிலும் அல்லிக் கிழங்கிலும் பைன் பட்டையிலும் மாச்சத்தைப் பிரித்தெடுக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். இலைகளை வேகவைத்துண்ணத் தெரிந்தவர்கள். நம் கல்வி பல தலைமுறைகளாக இதில் குறைபட்டுக் கிடக்கிறது என்னும் பொருள்பட அவர் வருந்துகிறார். பசி அவர் கண்ணைத் திறந்த தருணம் அது. சுற்றிலும் உணவு நிறைந்த மலையில் அவர் பட்டினி கிடந்தார். அம்மலையை உண்ணவும் ஓம்பவும் தெரிந்த மக்கள் இருந்தார்கள். அவர்களிடம் கேட்க அவருக்கு மொழியும் இல்லை, வழக்கமும் இல்லை.

அம்மக்களின் முதன்மை உணவு கருநிற ஓக் மரத்தின் கொட்டை. இலையுதிர் காலத்தில் அதனைப் பொறுக்கிக் களஞ்சியங்களில் சேமிப்பர். பாறையில் குடைந்த உரற்குழிகளில் பெண்கள் இடிப்பர். துவர்ப்பு நீங்கும்வரை மாவின்மேல் மீண்டும் மீண்டும் நீர் வார்ப்பர். நெருக்கமாக முடைந்த கூடையில் மாவையும் நீரையும் இட்டுச் சுட்ட கற்களைப் போட்டுக் கஞ்சியாக்குவர். இன்றும் யோசெமிட்டிப் பாறைகளில் அக்குழிகளைக் காணலாம். குறிஞ்சிப் பாடல்களில் தினையும் தேனும் கிழங்கும் வருவது அழகுக்காக மட்டும் அன்று என்பதை ஆட்டிறைச்சியால் நோயுற்ற மியூரின் வயிறு நமக்கு விளக்குகிறது.

கணவாயில் ஒரு சந்திப்பு

ஜூலையில் திறந்த கண் ஆகஸ்டில் மூடிக்கொண்டது. அம்மாதத்தில் மியூர் மலைத்தொடரின் கிழக்குப் புறமுள்ள மோனோ கணவாய் வழியே இறங்கினார். அது தொல்குடியினர் வணிகத்துக்கும் உணவுக்குமாகப் பல தலைமுறைகள் நடந்து பதித்த வழி. எதிரே மோனோ ஏரிப் பக்கத்து மக்கள் கூட்டம் ஒன்று வந்தது. குழிமுயல் தோல்களைச் சேர்த்துத் தைத்த போர்வை அணிந்திருந்தனர். யோசெமிட்டிக்குச் சென்று ஓக் கொட்டை சுமந்துவரப் புறப்பட்டவர்கள் அவர்கள். அவர்கள் மதுவும் புகையிலையும் கேட்டனர். தம்மிடம் இல்லை என்று மியூர் விலகினார். அவர்கள் முகத்தில் படிந்திருந்த அழுக்கை வருணித்து, இந்நிலக்காட்சியில் இவர்களுக்குப் பொருந்திய இடமில்லை என்பது போல எழுதினார். அவர்கள் வழியில் மறைந்ததும் ஆறுதல் அடைந்தார். ஆயினும் உடனே, சக மனிதரிடம் இத்தகைய அருவருப்பு எழுவது வருந்தத்தக்கது என்றும் எழுதினார். அவ்வருத்தத்தையும் குறிப்பிடுவதே நடுநிலை.

பில்லியின் காற்சட்டை அழுக்கில் நிலவியலைக் கண்டு சிரித்த அதே கை, அம்மக்களின் முக அழுக்கில் இழிவைக் கண்டது. உணவு தேடி மலை கடந்தவர்கள் அவர்கள். ஆறு வாரங்களுக்கு முன் எந்த அறிவு தமக்கில்லையே என்று ஏங்கினாரோ, அவ்வறிவைச் சுமந்தவர்களே எதிரே நடந்து வந்தார்கள். அவர் அவர்களை அடையாளம் காணவில்லை.

பெயர் மாறிய ஏரி

அம்மக்கள் ஏன் அந்நிலையில் இருந்தனர் என்பதற்கு விடை காணப் பதினெட்டு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1848 இல் கலிபோர்னியாவில் பொன் கண்டெடுக்கப்பட்டது. பொன் தேடி வந்தவர் வெள்ளம் அடிவாரங்களை மூடிற்று. 1848 இல் ஏறத்தாழ 1,50,000 ஆக இருந்த தொல்குடி மக்கள்தொகை 1870 அளவில் ஏறத்தாழ 30,000 ஆகச் சுருங்கியது என வரலாற்றாசிரியர்கள் கணிக்கின்றனர். நோயும் பசியும் பெரும்பங்கு வகித்தன. துப்பாக்கியின் பங்கும் சிறிதன்று. 2019 ஜூனில் கலிபோர்னிய ஆளுநர் அதனை இனப்படுகொலை எனப் பெயரிட்டு மன்னிப்புக் கேட்டார்.

யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் வாழ்ந்தவர் அவானீச்சி மக்கள். அவர்தம் தலைவர் டெனாயா. 1851 மார்ச்சில் மாரிபோசா படையணி என்னும் தன்னார்வப் படை பள்ளத்தாக்கினுள் புகுந்தது. ஓக் கொட்டைக் களஞ்சியங்களைக் கொளுத்தியது. மே மாதத்தில் டெனாயாவின் இளைய மகன் சுட்டுக் கொல்லப்பட்டான். தப்பியோடிய மக்கள் உயர்ந்த மலையிலுள்ள ஏரிக்கரையில் வளைக்கப்பட்டனர். படையுடன் வந்த மருத்துவர் லஃபாயெட் பன்னல், இந்த ஏரிக்கு உம் பெயரையே சூட்டுகிறோம் என்று டெனாயாவிடம் கூறியதாகவும், ஏரிக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறதே என்று முதியவர் விடையிறுத்ததாகவும் தம் நூலில் எழுதியுள்ளார். அப்பழைய பெயர் பைவீயாக்; ஒளிரும் பாறைகள் என்பது அதன் பொருள்.

அவ்வேரிக்கரையில்தான் 1869 இல் மியூர் நின்றார். கண்ணாடி போல மின்னும் கருங்கற்பரப்பைக் கண்டு வியந்தார். பனியாறுகள் ஊழிக்காலம் தேய்த்துப் பளபளப்பாக்கிய பாறைகள் அவை என உணர்ந்தார். யோசெமிட்டிப் பள்ளத்தாக்கு நிலம் திடீரெனத் தாழ்ந்ததால் உண்டானது என்று வாதித்த ஜோசையா விட்னி போன்ற அறிஞர்களை எதிர்த்துப் பின்னர் அவர் முன்வைத்த பனியாற்றுக் கொள்கைக்கு இத்தகைய காட்சிகளே அடிப்படை. ஆனால் அப்பாறைகளின் ஒளியை அவருக்கு முன்பே கண்டு ஏரிக்குப் பெயராக்கிய மக்கள் உண்டு. பெயரிடுதல் கவிதையின் முதற்செயல் என்று நாம் நம்புவோமாயின், பைவீயாக் என்ற ஒரு சொல்லே ஒரு முழுக் கவிதை. மியூரின் நூலில் டெனாயாவின் கதை சில வரிகளில் முடிகிறது. கால்நடை களவு முதலிய குற்றங்களுக்குத் தண்டிக்கப் படை துரத்தியது, அவர்கள் சரணடைந்தனர், இந்த ஏரி அம்முதியவருக்கு நல்ல நினைவுச்சின்னம் என்ற அளவில் அது நின்றுவிடுகிறது. மகனின் சாவு அங்கு இல்லை.

கோடை நூலான கதை

1869 செப்டம்பர் 22 அன்று மந்தை சமவெளிக்கு மீண்டது. ஆடுகளை எண்ணிய கணக்கை மியூர் விரிவாகத் தருகிறார். திரும்பியவை 2,025. கரடிகளால் மாண்டவை பத்து, பாம்பு கடித்தது ஒன்று, கால் முறிந்ததால் கொல்லப்பட்டது ஒன்று, வெருண்டோடியது ஒன்று, விற்றவை மூன்று, முகாமில் உணவானவை ஒன்பது. இருபத்தைந்து ஆடுகளுக்கும் கணக்கு உண்டு. அப்பள்ளத்தாக்கிலிருந்து காணாமற்போன மனிதருக்கு அந்நூலில் கணக்கு இல்லை.

நூலின் பாடவரலாறும் ஆய்வாளர் கருதத்தக்கது. அக்கோடையில் மலைமேல் எழுதிய மூலக் குறிப்பேடு இன்று இல்லை. கிடைப்பன 1887 அளவில் மியூர் மீண்டும் படியெடுத்து எழுதியவை. அதனை மேலும் செப்பம் செய்து 1911 இல், தம் எழுபத்துமூன்றாம் வயதில் வெளியிட்டார். நாற்பத்திரண்டு ஆண்டு இடைவெளியில் எத்தனையோ நிகழ்ந்துவிட்டன. மேய்ச்சலால் புல்வெளிகள் அழிவதைக் கண்டு ஆடுகளை வெட்டுக்கிளிக் கூட்டத்தோடு ஒப்பிட்டு எதிர்த்தவர் அவரே. இதழாசிரியர் ராபர்ட் அண்டர்வுட் ஜான்சனின் தூண்டுதலால் அவர் 1890 இல் எழுதிய இரு கட்டுரைகளின் பயனாக அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று யோசெமிட்டி தேசியப் பூங்காச் சட்டம் பிறந்தது. 1892 இல் சியரா கழகம் தோன்றியது; அவர் அதன் முதல் தலைவரானார். 1903 இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டும் அவருடன் யோசெமிட்டியில் திறந்த வெளியில் தங்கினார். மந்தையோடு வந்தவர் மந்தைகளுக்கு மலைவாயிலை அடைத்தார். அவ்வளவு வெற்றிக்கும் பின்னர் ஒரு பெருந்தோல்வி: ஹெட்ச் ஹெட்சிப் பள்ளத்தாக்கில் அணை கட்ட 1913 டிசம்பரில் சட்டம் நிறைவேறிற்று. 1914 டிசம்பர் 24 அன்று மியூர் மறைந்தார்.

இவ்விடைவெளியில் அவரும் மாறினார். 1879 முதல் அலாஸ்காவில் திலிங்கித் மக்களோடு படகில் பயணம் செய்து அவர்தம் அறிவையும் பண்பையும் மதித்து எழுதினார். அவ்வாறிருந்தும், தம் முதற்கோடையை நூலாக்கும்பொழுது கணவாய்ச் சந்திப்பின் வரிகளை அவர் நீக்கவில்லை. பழைய உணர்வை மறைக்காத நேர்மை என்று இதனைக் கொள்ளலாம். மீண்டும் எண்ணிப் பார்க்காத குறை என்றும் கொள்ளலாம். இரண்டும் சேர்ந்ததே உண்மையாக இருத்தல் கூடும்.

காணாமையின் விலை

ஒருவர் காணாது விட்டதனால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். யோசெமிட்டியின் பிற்கால வரலாறே அதற்கு விடை. பள்ளத்தாக்கின் அகன்ற புல்வெளிகளும் இடைவெளி விட்டு நின்ற ஓக் மரங்களும் முதற்கண் கண்ட வெள்ளையர்க்கு இயற்கை வகுத்த பூங்காவாகத் தோன்றின. உண்மையில் அவானீச்சி மக்கள் காலமறிந்து சிறு தீ மூட்டிப் புதரை அகற்றி, ஓக் மரங்களைப் பேணி வந்தமையால் அமைந்த நிலம் அது. தொல்குடியினர் வேட்டைக்காக மூட்டிய தீயின் தடங்களை மியூரும் ஒரு வரியில் குறிப்பிடுகிறார். அதன் பொருளை அவர் பின்தொடரவில்லை. மக்கள் அகற்றப்பட்டனர், தீயும் தடுக்கப்பட்டது. ஊசியிலை மரங்கள் புல்வெளிகளை மூடத் தொடங்கின. அப்பள்ளத்தாக்கின் முதற்காவலராக இருந்த கேலன் கிளார்க் என்பவரே தம் முதுமையில் இம்மாற்றத்தைக் கண்டு கவலையோடு பதிவு செய்தார். காய்ந்த புதர் மண்டிய காடு பெருந்தீக்கு இரையாகும் என்பதை உணர்ந்து 1970 முதல் பூங்கா நிருவாகமே திட்டமிட்டுச் சிறு தீ மூட்டத் தொடங்கியது. விரட்டப்பட்டவர் அறிந்திருந்ததை விரட்டியவர் கற்க நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

மக்களின் கதையோ இன்னும் துயரமானது. பள்ளத்தாக்கிற்கு மீண்டு வந்து கூலி வேலை செய்து பிழைத்தவர்களின் சிற்றூர் சிறிது சிறிதாகக் குறைக்கப்பட்டது. எஞ்சிய வீடுகள் 1969 இல் தீயணைப்புப் பயிற்சிக்காகக் கொளுத்தப்பட்டன. மியூர் மலையேறிய கோடைக்குச் சரியாக நூறு ஆண்டுகள் கழிந்திருந்தன. 2018 இல் பூங்கா நிருவாகம் அவ்விடத்தில் மீண்டும் ஊர் அமைக்கத் தென் சியரா மீவொக் மக்களுடன் உடன்பாடு செய்துகொண்டது. 2020 ஜூலையில் சியரா கழகம், தன் நிறுவனர் தொல்குடியினர் குறித்தும் கறுப்பின மக்கள் குறித்தும் எழுதியவற்றின் தீங்கை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது.

நிறைவுரை

இவற்றையெல்லாம் கூறுவது மியூரைத் தாழ்த்துவதற்கு அன்று. அருவியின் விளிம்பில் கசப்பிலையை மென்று நின்ற மனிதரை என்னால் வெறுக்க இயலவில்லை. அவர் இல்லையேல் அம்மலையில் மரமும் நீரும் எவ்வளவு எஞ்சியிருக்கும் என்பது ஐயமே. ஈ ஒன்றையும் மலைக்கு நிகராக மதித்த கண் அது. அத்தகைய கண்ணுக்கே எதிரே வந்த மனிதர் தெரியவில்லை என்றால் நம் போன்றோர் நிலை என்ன என்ற அச்சமே இக்கட்டுரையை எழுதச் செய்தது.

நம் வட்டத்தின் பத்தாண்டுக் கவியரங்கங்களில் மலையையும் அருவியையும் பாடிய கவிதைகள் பல. அவற்றுள் என் கவிதைகளும் உண்டு. இதனை எழுதத் தொடங்கியபின் அவற்றை எடுத்துப் படித்தேன். கோடை விடுமுறையில் மலையூர்களுக்குச் சென்று வந்து எழுதியவை அவை. மூடுபனி இருந்தது, மலர் இருந்தது, என் வியப்பும் இருந்தது. மூட்டை சுமந்து என்னைக் கடந்து சென்றவர்கள் யாரும் இல்லை. அவர்கள் அந்த மலையை என்ன பெயரால் அழைக்கிறார்கள் என்று நான் கேட்டதும் இல்லை. குறிஞ்சியைக் கற்பிப்பவள் திணையிலிருந்து மாந்தரை நீக்கிவிட்டுப் பாடியிருக்கிறேன்.

ஏரிக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது என்றார் டெனாயா. இயற்கையைப் பாட எழுதுகோலை எடுக்கும் ஒவ்வொருவரும் முதலில் கேட்டறிய வேண்டியது அப்பெயரையே. அடுத்த பத்தாண்டில் நம் வட்டத்துக் கவிஞர்கள் அதனைக் கேட்டுவிட்டு எழுதுவார்களாயின், அக்கவிதைகளை என் வகுப்பறையில் குறிஞ்சிப் பாடல்களுக்கு அருகே வைத்துக் கற்பிப்பேன்.